எல்லா நாய்களும் ஐனாருக்கே

மெரேதேவுக்கு டேட்டாபேஸ் வேலை வாய்த்தது ஐம்பது வயது தாண்டிய பிறகுதான். அதுவரை ஓடென்ஸ் நகரில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். இடது தோள் தேய்ந்து போய், ஒரு குளிர்காலத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது. உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். "இத்தனை வருஷமா நின்னுக்கிட்டா ஓட்டினேன்?" என்று அவரையே கேட்டுவிட்டு வந்தாள். மனதில் பட்டது வாயில் வந்துவிடும் அவளுக்கு.

வேலை மாற நினைக்கிறவர்களுக்காக நடக்கும் பயிற்சி வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பில் பாதிப்பேர் சின்ன வயதில் அவள் பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள். அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது இவளுக்குப் புரியவில்லை. ஓர் அட்டவணையில் ஆட்கள், இன்னோர் அட்டவணையில் அவர்கள் வளர்க்கும் பிராணிகள், இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்கிற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்து சமையலறைத் தரை முழுக்கத் துண்டுக் காகிதங்களைப் பரப்பினாள். இந்தப் பக்கம் தெருவில் குடியிருப்பவர்களின் பெயர்கள், அந்தப் பக்கம் அவர்கள் வீட்டு நாய் பூனைகளின் பெயர்கள், நடுவில் கம்பளி நூல். காபி போட வந்த கணவன் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நூலைத் தாண்டினான்.

"யாரோட நாய் யாருகிட்ட போச்சு?"

"பேசாம போயிடு. பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்பதான் ரெண்டு பூனை அமைஞ்சிருக்கு."

அவன் காபி ஆறுவதற்குள் அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அன்றைக்கு வந்த சந்தோஷம், முதன்முதலாகப் பெரிய பஸ்ஸை ரிவர்ஸ் எடுத்து நிறுத்திய அன்றைக்குக்கூட வரவில்லை என்று பிறகு எல்லோரிடமும் சொன்னாள்.

அந்தத் தரைப் பாடம் வீண் போகவில்லை. ஓடென்சிலேயே ஒரு சின்னப் பிராணிப் பதிவகத்தில் அவளை எடுத்துக்கொண்டார்கள். நாட்டிலுள்ள நாய் பூனைகளின் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவு சிப் ஒன்று வைத்திருப்பார்களே, அதிலுள்ள எண்ணையும் வளர்ப்பவரின் போன் நம்பரையும் பத்திரமாக வைத்திருக்கிற இடம் அது. வழிதவறிய நாயை யாராவது கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால், அவர் சிப்பைப் படித்து, பதிவகத்தின் இணையப் பக்கத்தில் தேடுவார். வளர்ப்பவரின் நம்பர் வரும். ஒரு போன் போதும், நாய் வீட்டுக்குப் போய்விடும்.

மெரேதேவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவள் யூர்சா. வயதில் இவள் மகளாக இருக்கலாம். நகத்தில் பச்சைச் சாயம், காலில் வேறு வேறு ஜோடி சாக்ஸ், வேலையில் மட்டும் படு கறார். முதல் நாளே சொன்னாள்:

"இந்த மெஷினுக்கு உத்தரவு போட ரெண்டு வரி வேணும். எதை மாத்தணும்னு ஒரு வரி. யாருக்கு மாத்தணும்னு அடுத்த வரி. ரெண்டாவது வரி இல்லேன்னா, 'யாருக்குங்க?'ன்னு அது திருப்பிக் கேக்காது. எல்லாருக்கும் மாத்திடும். அதனால 'யாருக்கு'ங்கறதை முதல்ல எழுதிப் பழகு."

"கேட்டா என்ன குறைஞ்சு போயிடும் அதுக்கு?"

"உன் பஸ் கேட்டுச்சா, வளைவுல திருப்பட்டுமான்னு?"

அன்றிலிருந்து 'யாருக்கு' வரியை முதலில் எழுதாமல் மெரேதே ஒரு வேலையும் செய்ததில்லை.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம். யார் சொதப்பினாலும் அந்த வெள்ளிக்கிழமை அவர் ப்ரூன்ஸ்வியர் கொண்டுவர வேண்டும். வெண்ணெயும் பழுப்புச் சர்க்கரையும் மேலே உருகிக் குழிகுழியாகத் தேங்கியிருக்கும் கேக் அது, ஓடென்ஸ் இருக்கும் தீவில் பிறந்தவர்களுக்கு உயிர். கொண்டுவந்தவர் நடந்ததை ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும். இன்னொருவர் பெயரை இழுக்கக் கூடாது. கேட்கிறவர்கள் திட்டக் கூடாது. சொல்லி முடித்ததும் மேலாளர் ட்ரோல்ஸ் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அடுத்த தடவை என்ன மாத்திச் செய்வே?" பதில் வந்த பிறகுதான் கத்தி கேக்கில் இறங்கும்.

மெரேதே வந்து ஆறு மாதமாகியும் கேக் கொண்டுவந்ததில்லை. "கேக் வராத வரைக்கும் நீ விருந்தாளிதான்" என்று யூர்சா சீண்டுவாள். "உங்களுக்குத் தின்னக் கேக் வேணும்னு நான் ஏன் தப்புப் பண்ணணும்" என்பாள் மெரேதே.

ஒரு புதன்கிழமை காலையில் போன் அடித்தது. கேர்தமின்டவிலிருந்து ஐனார் என்று ஒரு கிழவர். அங்கே மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்கு வலை பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பின் தனியாள். அவருடைய நாய் ட்ருன்டே முந்தின நாள் காணாமல் போய்விட்டது. புகைபோக்கி சுத்தம் செய்ய வந்தவர் கதவைத் திறந்து வைத்துவிட்டார், அது பாட்டுக்கு வெளியே நடந்து போய்விட்டது.

"அவ ஓடற ஜாதி இல்லைம்மா. குட்டைக் காலு, நீட்டு உடம்பு. வயசாயிடுச்சு. மோப்பம் பிடிச்சுக்கிட்டே போயிருப்பா." ஒரு நிமிஷம் இருமினார். "உங்க ஏட்டுல என்னோட பழைய வீட்டுப் போன் நம்பர்தான் இருக்கு. அந்த லைனை வெட்டியாச்சு. எம் பொண்ணு இந்த மொபைலை வாங்கிக் குடுத்திருக்கா. யாராவது ட்ருன்டேவைக் கண்டுபிடிச்சா அந்தப் பழைய நம்பருக்குப் போடுவாங்க, அது எங்கேயும் அடிக்காது."

மாற்றுவது சுலபமான வேலைதான். ஆனால் நம்பரை மாற்றுகிற திரை, உறுதி செய்யும் எண்ணைப் பழைய நம்பருக்கே அனுப்புவேன் என்று அடம் பிடித்தது. வெட்டிப்போன லைனுக்கு அனுப்பி என்ன பயன்? அவர் பிறந்த தேதியையும் நாயின் சிப் எண்ணையும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, மெரேதே நேராக டேட்டாபேசுக்குள் போனாள். முதலில் 'யாருக்கு' வரி. பிறகு அதற்கு மேலே 'எதை' வரி. இரண்டும் சுத்தமாக இருந்தன. இனி அந்த இரண்டு வரியையும் மவுசால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஓட விட வேண்டியதுதான்.

"அவளுக்குக் காதும் கேக்காதும்மா" என்றார் ஐனார். "நான் ராத்திரி பூரா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே நடந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் ஞாபகம் வந்துச்சு, அவளுக்குத்தான் காது கேக்காதேன்னு."

மெரேதேவின் கை மவுசில் நின்றுவிட்டது. கண் நிறைந்துவிட்டது. தேர்ந்தெடுத்தது மேல் வரியை மட்டும்தான் என்பதை அவள் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தினாள். ஒரு பதிவு மாறியது என்று வர வேண்டிய இடத்தில் ஆறு இலக்க எண் ஒன்று வந்து நின்றதையும் பார்க்கவில்லை. பச்சை நிறத்தில் ஒரு டிக் தெரிந்தது, அது போதும் என்று திரையை மூடினாள்.

"ஆச்சு ஐனார். இனிமே யார் எங்கே கண்டுபிடிச்சாலும் உங்களுக்குத்தான் போன் வரும்."

அவள் சொன்னது அப்படியே பலித்தது. நாட்டில் எங்கே எந்த நாய் கிடைத்தாலும், எந்தப் பூனை எவர் வீட்டுக் கொட்டகையில் மாட்டிக்கொண்டாலும், போன் ஐனாருக்குத்தான் போனது.

விஷயம் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளியே வந்தது. வடக்கே எங்கோ ஒரு கால்நடை மருத்துவர் கூப்பிட்டு, பூனைக்காகப் போன் செய்தால் யாரோ ஒரு பெரியவர் இது என்னுடையது இல்லை என்கிறார் என்றார். அடுத்து ஒரு பண்ணையிலிருந்து. யூர்சா பத்துப் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். பத்திலும் ஒரே நம்பர்.

"காலையில இங்கே கூப்பிட்ட கேர்தமின்ட ஆளோட நம்பர் இது. யாரு மாத்தினது..."

பஸ் ஓட்டிய மெரேதேவுக்கு ஒன்று தெரியும். இடித்துவிட்டால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வர வேண்டும். எழுந்து நின்றாள்.

"நான்தான். காலையில நான்தான் மாத்தினேன். எல்லாருக்கும் மாத்தியிருக்கேன்."

ட்ரோல்ஸ் தன் ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு வந்தார். குரல் உயரவில்லை. தேடும் பக்கத்தை உடனே மூடச் சொன்னார். முந்தின இரவின் பேக்கப்பை யூர்சா வேறோர் இடத்தில் எழுப்பத் தொடங்கினாள். அதிலிருந்து நம்பர்களை எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். காலையிலிருந்து உண்மையாகவே மாறியவற்றை மட்டும் தொடாமல் விட வேண்டும். பெரிய கோப்பு, ஆமை மாதிரி நகர்ந்தது. மெரேதே அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஐனாருக்குப் போன் போட்டாள். பிசி. மறுபடி போட்டாள். பிசி.

அப்போதுதான் அவளுக்கு முழுசாக உறைத்தது. இந்த நாட்டிலேயே சரியான நம்பர் உள்ள ஒரே நாய் இப்போது ட்ருன்டேதான். அந்த நம்பரில்தான் யாராலும் பேச முடியவில்லை. ட்ருன்டேவைக் கண்டுபிடித்தவர் இதே பிசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தால்?

"நீ போய் அவரைப் பாரு" என்றாள் யூர்சா திரும்பாமலே. "என் கழுத்துல நீ விடற மூச்சு சூடா இருக்கு. லேப்டாப்பை எடுத்துக்கோ."

கேர்தமின்ட பஸ்ஸில் ஏறினாள். அவள் ஓட்டிய தடம்தான். ஓட்டுநர் புதுப் பையன், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பிரேக்கை உதைத்தான். மெரேதேவின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. வேறு நாளாயிருந்தால் இறங்கும்போது அவனுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பாள்.

ஐனார் சமையலறையில் இருந்தார். போன் சார்ஜர் கம்பியோடு மேஜை மேல் கிடந்தது. அடுப்போரமாக ஒரு கூடை, அதில் ரோமம் ஒட்டிய போர்வை. அவள் வணக்கம் சொன்னதும், முன்பின் பார்த்திராத அந்தப் பெண்ணை, குரலை வைத்தே கண்டுகொண்டார்.

"நீதானே காலையில பேசினவ. என்னம்மா இது, ஊரு நாயெல்லாம் எங்கிட்ட வருது?"

"என்னோட தப்பு ஐனார். உங்களுக்கு மட்டும் மாத்த வேண்டியதை எல்லாருக்கும் மாத்திட்டேன். மன்னிச்சுக்குங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, காபியை ஊற்றினார். "நான் ஒரு தடவை ஒரு படகுக்குப் போக வேண்டிய வலையை இன்னொரு படகுல ஏத்தி அனுப்பிட்டேன். அந்தப் படகுக்காரன் ஐஸ்லாந்துக்கே போயிட்டான்."

மெரேதேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சூட்டோடு சூடாகத் தங்கள் அலுவலக வழக்கத்தைச் சொன்னாள், வெள்ளிக்கிழமை தன் முதல் கேக், எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும் என்று. "நல்ல வழக்கம்" என்றார் ஐனார். "எங்க துறைமுகத்துல அடிதான் விழும்."

"போன்ல எல்லாரையும் எப்படிச் சமாளிச்சீங்க?"

"மொதல்ல ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசினேன். ஒரு பொம்பளை, வெள்ளைப் பூனை, நனைஞ்சு கிடக்குதுன்னா. துணியில சுத்தி அடுப்புப் பக்கம் வைன்னு சொன்னேன். அப்புறம் வந்துக்கிட்டே இருந்துச்சு. ட்ருன்டேவுக்கு யாராவது கூப்பிட்டா லைன் கிடைக்காதேன்னு பயம் வந்துடுச்சு. அதனால, 'உங்க பிராணி' அப்படின்னு ஆரம்பிச்சதுமே, 'என்னோடது இல்லை, பதிவகத்துல தப்பாயிடுச்சு'ன்னு சொல்லி வச்சிட்டேன். லைன் காலியா இருக்கட்டும்னுதான்."

மெரேதே கோப்பையை மேஜையில் வைத்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"நான் அவங்க சொல்றதைக் கேக்கவே இல்லையே" என்றார் மெதுவாக. "என்ன நாய், எங்கேன்னு கேக்கவே இல்லை." கை தானாகப் போனைத் தொட்டு, பின்வாங்கியது. "அதுல ஒண்ணு அவளா இருந்தா? நான் இல்லைன்னுல்ல சொல்லியிருப்பேன்."

ஒரு நாளும் தன் நாயைத் தன்னுடையது இல்லை என்று சொல்லியிராத மனிதர். அவர் உட்கார்ந்திருந்த விதத்தை மெரேதேவால் பார்க்க முடியவில்லை. இதுவும் தான் செய்ததுதான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டுமல்ல, உண்மையும் அதுதான்.

லேப்டாப்பைத் திறந்தாள். யூர்சாவைப் போனில் கூப்பிட்டாள்.

"நம்ம தேடற பக்கத்துல யார் எந்தச் சிப்பைத் தேடினாலும் அது பதிவாகும் இல்ல?"

"ஆகும். எந்த மருத்துவர் தேடினார்ங்கறதும் இருக்கும்."

"நீ பார்த்துச் சொல்றியா?"

"என் ரெண்டு கையும் பேக்கப்புல இருக்கு. நீ எழுது."

"யூர்சா, என் கை மறுபடி தப்புப் பண்ணிடுச்சுன்னா..."

"இது வெறும் கேள்வி மெரேதே. எதையும் மாத்தாது. எழுது."

ஐனார் ட்ருன்டேவின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து வந்தார். சிப் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசித்தார், அவள் தட்டினாள். முதலில் 'யாருக்கு'. இந்த ஒரு நாய்க்கு. பிறகு மேல் வரி. முழுவதையும் வாய்விட்டு அவரிடம் திருப்பி வாசித்துக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் எண் சரிதான் என்று தலையாட்டினார். மவுசை அவள் தொடவே இல்லை. விசைப்பலகையிலிருந்தே ஓட விட்டாள்.

ஒரே ஒரு வரி வந்தது. இன்று காலை. பக்கத்து ஊரான முன்கபோவில் ஒரு கால்நடை மருத்துவர்.

அவள் தன் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்தாள். ஒரு பெண் எடுத்தாள்.

"குட்டைக் கால், வயசான நாய்தானே? ஆமா, இங்கேதான் இருக்கா. படகுத் துறையில சுத்திக்கிட்டிருந்தாளாம், ஒருத்தர் தூக்கிட்டு வந்தார். நாங்க உடனே போன் பண்ணினோமே. யாரோ ஒருத்தர் எடுத்து, என்னோடது இல்லைன்னு வச்சிட்டார்."

ஐனார் போனைப் பார்த்துக் குனிந்தார்.

"அந்த ஒருத்தர் நான்தாம்மா" என்றார். "அவ என்னோடதுதான்."

அவருடைய பழைய காரை மெரேதேதான் ஓட்டினாள். அவர் கூடையிலிருந்த போர்வையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் வலித்தது, அவள் பொருட்படுத்தவில்லை. மருத்துவமனையில் ட்ருன்டே கதவுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தது. ஐனார் கூப்பிடவில்லை. பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்து, கையை மட்டும் அதன் மூக்குப் பக்கம் நீட்டினார். மூக்கு அசைந்தது. பிறகு வால். பிறகு அந்த நீட்டு உடம்பு முழுவதும் அவர் மடிக்கு ஏறிவிட்டது. மெரேதே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த நேரத்தில் யூர்சாவிடமிருந்து செய்தி வந்தது: எல்லா நம்பரும் அவரவர் வீட்டுக்குப் போயாச்சு.

வெள்ளிக்கிழமை மெரேதே ப்ரூன்ஸ்வியர் கொண்டுவந்தாள். எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வெட்டிப்போன லைன், இரண்டு வரி, பாதியில் நின்ற மவுசு, பார்க்காத ஆறு இலக்கம், எல்லாவற்றையும் சொன்னாள். கிழவர் பேசியதால்தான் கவனம் சிதறியது என்று சொல்ல நாக்கு வரை வந்தது. இன்னொருவர் பெயரை இழுக்கக் கூடாதே, விழுங்கிவிட்டாள்.

"அடுத்த தடவை என்ன மாத்திச் செய்வே?" என்று கேட்டார் ட்ரோல்ஸ்.

"எத்தனை பதிவு மாறுச்சுன்னு பார்க்காம திரையை மூட மாட்டேன். நேரா உள்ளே போய் மாத்தறதா இருந்தா பக்கத்துல இன்னொரு ஆளை உட்கார வச்சுக்குவேன்."

"யூர்சாவை வேண்டாம்" என்றார் ட்ரோல்ஸ். "அவ கழுத்துல மூச்சு படக் கூடாது." எல்லோரும் சிரித்தார்கள். யூர்சா கத்தியை எடுத்தாள். "இனிமே நீ விருந்தாளி இல்லை" என்றாள்.

கத்தி இறங்குவதற்குள் கதவு தட்டப்பட்டது.

ஐனார் நின்றிருந்தார். தலை வாரி, கோட்டுக்குப் பொத்தான் போட்டு, ஒரு கையில் ட்ருன்டேவின் கயிறு, இன்னொரு கையில் பேக்கரி அட்டைப் பெட்டி. பெட்டியின் அடியில் வெண்ணெய் கசிந்திருந்தது.

"இங்கே ஒரு வழக்கம் இருக்குன்னு இந்தப் பொண்ணு சொன்னா" என்றார். "வெளியாளுங்களுக்கும் உண்டா?"

யாரோ நாற்காலி போட்டார்கள். அவர் பெட்டியை மெரேதேவின் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தார். ட்ருன்டே மேஜைக்கு அடியில் போய் மெரேதேவின் கால்மேல் படுத்துக்கொண்டது. ஐனார் ஆரம்பித்தார்.

"புதன்கிழமை காலையில எனக்கு ஒரு போன் வந்துச்சு. உங்க நாய் எங்ககிட்ட இருக்குன்னு ஆரம்பிச்சாங்க. என்னோடது இல்லைன்னு சொல்லி வச்சிட்டேன்." யார் தப்பால் அப்படி நேர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. மெரேதே பக்கம் பார்க்கவும் இல்லை. "அவ்வளவுதான்."

ட்ரோல்ஸ் வழக்கத்தை விட்டுக்கொடுக்காமல் மெதுவாகக் கேட்டார்.

"அடுத்த தடவை என்ன மாத்திச் செய்வீங்க?"

ஐனார் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் கேப்பேன்" என்றார்.

யூர்சா மெரேதேவின் கேக்கை விட்டுவிட்டு அவருடைய கேக்கில் கத்தியை இறக்கினாள். சர்க்கரை தேங்கி நிற்கும் நடுத்துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். அவர் அதை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை மெரேதே பக்கம் நகர்த்தினார்.